அந்த எண்ணை யார் கேட்டது?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை வட்டாரத்துத் தோல் ஆலைகளுக்கும் காலணித் தொழிற்சாலைகளுக்கும் மென்பொருள் நிறுவ வரும் இளைஞர்களுக்கும், ஆலைக்குள்ளேயே இருந்து அதைப் பராமரிக்கும் ஐ.டி. பிரிவினருக்கும்,

இந்த வட்டாரத்து ஆலைகளில் முதலில் கணக்குப் பிரிவிலும் பிறகு திட்டப் பிரிவிலும் வேலை பார்த்தவன் நான். உங்கள் பக்கம் உட்கார்ந்து ஈஆர்பி திரைகளைச் சரிபார்த்தவன். ஒரே ஒரு விஷயத்தைக் கேட்டுக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

பதனிடும் ஆலை ஒன்றின் திட்டத் திரையில் ஒரு கட்டம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு அதிகபட்சம் இத்தனை கிலோ பச்சைத்தோல். அதற்கு மேல் ஊறப்போட லாட் திறந்தால் மென்பொருள் மறுத்துவிடும். ஆலையில் புதிதாக ஒரு டிரம் இறங்குகிறது. திட்டப் பிரிவிலிருந்து போன் வருகிறது: “புது டிரம் ஓட ஆரம்பிச்சாச்சு, அந்த லிமிட்டை ஏத்தி விடுங்க தம்பி.” ஏற்றலாமா?

அந்த எண் டிரம்களின் கொள்ளளவைக் கூட்டி வந்ததென்றால் ஏற்றலாம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணையிலிருந்து வந்ததென்றால் ஏற்றக் கூடாது. எவ்வளவு உற்பத்தி செய்யலாம், எவ்வளவு கழிவுநீர் விடலாம் என்பது இசைவாணையில் எழுதியிருக்கும். டிரம் வாங்கியதால் அது கூடாது. வாரியத்திடம் விண்ணப்பித்து, புது ஆணை கையில் வந்தால்தான் கூடும். திரையில் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரியான ஓர் எண்தான். எங்கிருந்து வந்தது என்ற ஒரு வரி பக்கத்தில் இல்லாத காரணத்தால், நல்ல நோக்கத்தோடு வேலை செய்யும் ஒரு பையன் ஒரு நிமிடத்தில் ஆலையைச் சட்ட மீறலுக்குள் கொண்டுபோய் விட முடியும்.

அந்த எண்ணுக்குப் பின்னால் இருப்பது சின்ன வரலாறு இல்லை. ஆலைக் கழிவுநீரால் பாலாறும் கிணறுகளும் கெட்டுப்போனதைக் காட்டி வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்புச் சொன்னது. கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும், கேடு உறுதியாகும்வரை காத்திராமல் முன்னதாகவே தடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று நிலைநாட்டிய தீர்ப்பு அது. மாசுபடுத்திய ஒவ்வோர் ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் போட்டார்கள். இந்தியாவில் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கும் எந்த மாணவரும் நம் ஊர் வழக்கைத் தாண்டிப் போக முடியாது. 2025 ஜனவரி 30 அன்று அதே நீதிமன்றம் மறுபடி பாலாற்றைக் கையில் எடுத்து, இழப்பீடு சேராதவர்களுக்குச் சேர்ப்பிக்கவும், கண்காணிக்கக் குழு அமைக்கவும் உத்தரவிட்டது. இடையில் 2015 ஜனவரி கடைசியில், ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுச்சேற்றுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்து ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் இறந்தார்கள். இந்த மண்ணில் கொள்ளளவு என்ற சொல்லை வெறும் கட்டமாக நினைத்து யாரும் கடந்து போகக் கூடாது என்று நான் சொல்வது அதனால்தான்.

மென்பொருள் நிறுவும்போது ‘ரிக்கொயர்மென்ட்’ எழுதுகிறீர்கள். கேட்டது என்ன, எந்தத் திரை, எந்தக் கட்டம், எந்த ரிப்போர்ட் என்று எல்லாம் அதில் இருக்கிறது. கோ-லைவ் நாளில் கையெழுத்தும் வாங்கிவிடுகிறீர்கள். யார் கேட்டது, எதற்காகக் கேட்டது, எந்த ஆணை அல்லது எந்தக் கடிதத்தை வைத்துக் கேட்டது, எதுவரை செல்லும் என்பதை மட்டும் எழுதுவதில்லை. அது சீனியர் கணக்கரின் தலையில் இருக்கிறது, அல்லது எப்போதோ வந்த வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜில் இருக்கிறது. கணக்கர் ஓய்வு பெறுகிறார். செய்தி அனுப்பியவர் போனை மாற்றிவிடுகிறார். நிறுவிக் கொடுத்த கன்சல்டன்ட் வேறு கம்பெனிக்குப் போய்விடுகிறார். விதி மட்டும் மென்பொருளுக்குள் ஊர் பேர் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறது.

இது நம் வட்டாரத்தின் குறை மட்டும் இல்லை. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஓர்லேனா கோட்டெல், ஆன்டனி ஃபிங்கெல்ஸ்டைன் என்ற இருவர் மென்பொருள் துறையில் வேலை செய்யும் நூற்றுக்கும் மேற்பட்டவர்களிடம் விசாரித்து 1994இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தேவைகளின் தடத்தைப் பின்தொடர முடியாமல் போவது ஏன் என்பதுதான் கேள்வி. எழுதி முடித்த தேவை அதன் பிறகு எந்த நிரலுக்கு, எந்தச் சோதனைக்குப் போனது என்று பார்க்கக் கருவிகள் இருந்தன. எழுதப்படுவதற்கு முன்னால் அது எங்கிருந்து கிளம்பியது, யார் வாயிலிருந்து வந்தது என்ற பக்கம்தான் இருட்டாக இருந்தது. தொல்லைகளில் பெரும்பாலானவை அந்த இருட்டிலிருந்தே வந்தன என்று அவர்கள் கண்டார்கள். முப்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. நம் ஆலைகளில் அந்தப் பக்கம் இன்னும் இருட்டாகவே இருக்கிறது.

ஜி.எஸ்.டி.யை எடுத்துக்கொள்வோம். உள்நாட்டில் விற்கும் காலணிக்கான வரி 2017 ஜூலையில் 500 ரூபாய் வரைக்கும் 5 விழுக்காடு, அதற்கு மேல் 18 என்று தொடங்கியது. 2018 ஜூலை கடைசியில் அந்த 500, 1000 ஆனது. 2022 ஜனவரி 1 முதல் 1000 ரூபாய்க்குள் இருக்கும் ஜோடிக்கும் 12 விழுக்காடு. 2025 செப்டம்பர் 22 முதல் 2500 ரூபாய் வரை மறுபடி 5. ஒரே பொருள், ஒரே ஆலை, நான்கு விதி. ஒவ்வொரு முறையும் பழைய எண்ணை அழித்துவிட்டுப் புது எண்ணைப் போட்டவர்கள், 2021 டிசம்பரில் 5 விழுக்காட்டில் விற்ற செருப்பு அடுத்த மாதம் திரும்பி வந்தபோது கிரெடிட் நோட்டில் 12 விழுந்து நிற்பதைப் பார்த்திருப்பார்கள். விற்ற நாளின் வரியில்தான் அது திரும்பிப் போக வேண்டும். காலாவதியான தேவையும் தேவைதான். அதற்கு முடிந்த நாளைப் போட்டு மூடி வைக்க வேண்டும், அழிக்கக் கூடாது.

இ-இன்வாய்ஸ் கதை இன்னும் நுணுக்கமானது. 2020 அக்டோபரில் 500 கோடி விற்றுமுதலுக்கு மேல் என்று ஆரம்பித்து 100, 50, 20, 10 என்று இறங்கி, 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடிக்கு மேல் என்று வந்து நிற்கிறது. இறங்கியது எல்லோருக்கும் தெரியும். எந்த ஆண்டு விற்றுமுதல் என்பதில்தான் வழுக்குவார்கள். 2017-18 முதல் ஏதாவது ஒரு நிதியாண்டில் அந்த வரம்பைத் தாண்டியிருந்தாலே விதி பொருந்தும். கொரோனா ஆண்டில் ஆர்டர் விழுந்து விற்றுமுதல் சுருங்கிய ஆலைக்கு, போன ஆண்டுக் கணக்கை மட்டும் பார்க்கும்படி நிரல் எழுதியிருந்தால், ‘உங்களுக்கு இது தேவையில்லை’ என்று மென்பொருளே தப்பாகச் சொல்லும். அறிவிக்கையின் அந்த ஒரு சொற்றொடரைத் தேவையோடு சேர்த்து ஒட்டி வைத்திருந்தால் நிரல் எழுதியவர் இப்படி எழுதியிருக்க மாட்டார்.

நம் தொழிலில் பாதி ஜாப் ஒர்க்கில் ஓடுகிறது. ஒருவர் வெட் ப்ளூ வரை செய்வார், இன்னொருவர் க்ரஸ்ட், ஃபினிஷ் வேறோர் இடம். ஜாப் ஒர்க்குக்குப் போன சரக்கு ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும், இயந்திரம் என்றால் மூன்றாண்டுக்குள்; வராவிட்டால் அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கணக்காகிவிடும். இதற்காக எல்லோரும் எச்சரிக்கை மணி வைத்திருக்கிறீர்கள். ஆனால் மோல்டு, டை, ஜிக், ஃபிக்சர், டூல் ஆகியவற்றுக்கு அந்த மூன்றாண்டுக் கெடு கிடையாது என்று சட்டமே விலக்குக் கொடுத்திருக்கிறது. கிளிக்கிங் டைக்கும் சேர்த்து மணி அடித்தால் ஸ்டோர்ஸ்காரர் என்ன செய்வார்? எரிச்சலில் எல்லா மணியையும் அணைத்துவிடுவார். அப்போது உண்மையிலேயே கெடு தாண்டிப் போகிற க்ரஸ்ட் லாட்டுக்கும் மணி அடிக்காது.

வெளிநாட்டு வாங்குபவர்கள் கேட்பது இன்னொரு வகை. கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே இந்த வட்டாரம் இதைச் சந்தித்திருக்கிறது. 1989இல் ஜெர்மனி பிசிபி என்ற பூஞ்சைக்கொல்லியைத் தடை செய்தபோது இந்தியத் தோலுக்கு அது பேரிடி. அடுத்து 1994இல் சில அசோ சாயங்கள். சென்னை அடையாற்றில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனமும், ஏற்றுமதிக் கழகமும், கெமிக்கல் கம்பெனிகளும், ஆலைக்காரர்களும் கூடித்தான் மாற்று மருந்து தேடி அதிலிருந்து மீண்டார்கள். அந்தத் தலைமுறைக்கு எதை ஏன் நிறுத்தினோம் என்பது தெளிவாகத் தெரியும், ஏனென்றால் அவர்கள்தான் அடிபட்டார்கள்.

இன்றைக்குள்ள பிள்ளைகளுக்கு அது ஸ்பெக் ஷீட்டில் ஒரு வரி. குரோமியம்-ஆறு, ஒரு கிலோ தோலுக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2015 மே 1 முதல் விதித்திருக்கிறது, உடம்பில் படும் தோல் பொருள் எல்லாவற்றுக்கும். நாம் டிரம்மில் போடுவது குரோமியம் மூன்று. ஆனால் சில வகை எண்ணெய், சூடு, வறண்ட காற்று எல்லாம் சேர்ந்தால் முடித்து வைத்த தோலில்கூட அது ஆறாக மாறலாம். ஆகவே பதனிட்ட அன்று எடுத்த டெஸ்ட் ரிப்போர்ட் போதாது என்று அனுபவசாலி டெக்னீஷியன் ஒருவர் கேட்டு, ‘டிஸ்பாட்சுக்கு முன் புது ரிப்போர்ட் ஏற்றாமல் பேக்கிங் லிஸ்ட் வராது’ என்று உங்களைக் கொண்டு ஒரு பூட்டுப் போடச் சொல்லியிருப்பார். மாதக் கடைசி. கன்டெய்னர் வாசலில் நிற்கிறது, ரிப்போர்ட் இன்னும் லேபிலிருந்து வரவில்லை. “ஏற்கெனவே ஒரு ரிப்போர்ட் இருக்கே, இது டபுள் வேலை, எடுத்து விடுங்க” என்பார் மெர்ச்சண்டைசர். காரணம் எழுதாத பூட்டை எடுக்கச் சொல்கிறவரிடம் நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்? காரணம் எழுதியிருந்தால் அந்தப் பேச்சு டெக்னீஷியனுக்கும் மெர்ச்சண்டைசருக்கும் இடையில் நடக்கும். இரவு பத்து மணிக்கு உங்கள் தலையில் விழாது.

தோலின் தடம் எங்கே அறுகிறது என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்: செலக்‌ஷன் மேசையில். அதுவரை ஒரு மண்டியில் வாங்கிய தோல், ஒரு லாட் நம்பர் என்று ஒன்றாகப் போகும். மேசையில் தரம், கனம், வெட்டுக்காயம், உண்ணித் தழும்பு பார்த்துப் பிரித்து, வெவ்வேறு லாட்டுகளைக் கலந்து புதிய லாட் கட்டுவார்கள். அதற்குப் பிறகு எந்தத் தோல் எந்த மண்டியிலிருந்து வந்தது என்று சொல்ல வேண்டுமானால் தோலிலேயே முத்திரை இருக்க வேண்டும். நீங்கள் கூட்டம் போட்டுத் தேவைகளைச் சேகரிக்கும்போதும் அதே அறுபடல்தான் நடக்கிறது. கணக்கர் சொன்னது, மேஸ்திரி சொன்னது, ஆடிட்டர் சொன்னது, பையர் மெயிலில் எழுதியது எல்லாவற்றையும் கலந்து, மாட்யூல் வாரியாகப் பிரித்து, சுத்தமான இங்கிலீஷில் புதிய பட்டியல் கட்டுகிறீர்கள். கலக்குவதில் தப்பில்லை. முத்திரை குத்திவிட்டுக் கலக்குங்கள் என்றுதான் கேட்கிறேன்.

இதற்குப் பெரிய கருவி வேண்டாம். ஓர் எக்செல் தாள் போதும். தேவை என்ன என்பதற்குப் பக்கத்தில், கேட்டவர் யார், அவர் எந்த ஆணை எண், எந்தத் தேதிக் கடிதத்தை வைத்துக் கேட்டார், எந்த நாளிலிருந்து செல்லும், என்ன நடந்தால் மறுபடி திறந்து பார்க்க வேண்டும், ஆலைக்குள் இதைப் புரிந்தவர் யார், மென்பொருளில் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதை எழுதுங்கள். ‘என்ன நடந்தால்’ என்ற பத்திதான் எனக்கு மிக முக்கியம். இசைவாணை புதுப்பிக்கும் தேதி வந்தால் என்று எழுதியிருந்தால், அந்தத் தேதிக்கு முன்னால் யாராவது ஒருவர் எழுந்து பார்ப்பார்.

மாவட்டம் பிரிந்ததை நினைத்துப் பாருங்கள். 2019 நவம்பர் 28 அன்று வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூருக்குப் போயின, பேரணாம்பட்டு வேலூரிலேயே நின்றது, மேல்விஷாரம் ராணிப்பேட்டை. பழைய உரிமங்களில் வேலூர் மாவட்டம், புதிய பதிவுகளில் திருப்பத்தூர் மாவட்டம், ஆலை ஒன்றுதான். வாங்குபவரின் ஆடிட்டர் இரண்டு முகவரிகளைப் பார்த்து இரண்டு ஆலைகள் என்று நினைத்துக் கேள்வி கேட்பார். முகவரி மாஸ்டரில் பழைய மாவட்டப் பெயரை எந்தெந்த ஆவணத்துக்காக வைத்திருக்கிறோம் என்று எழுதியிருந்தால் பதில் அங்கேயே இருக்கும். இல்லாவிட்டால் ‘டேட்டா கிளீனிங்’ என்ற பெயரில் எல்லாவற்றையும் ஒரே பெயராக மாற்றி, உரிமத்தோடு பொருந்தாத இன்வாய்ஸ்களை உருவாக்கிவிடுவீர்கள்.

எழுத்தில் வராத அறிவுக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். ஜப்பானில் மட்சுஷிதா கம்பெனி 1980களின் நடுவில் வீட்டில் ரொட்டி செய்யும் இயந்திரம் ஒன்றை உருவாக்க முயன்றது. ரொட்டியின் மேல் கருகியது, உள்ளே வேகவில்லை. இகுகோ தனாகா என்ற மென்பொருள் உருவாக்குநர் ஒசாகா இன்டர்நேஷனல் ஹோட்டலின் தலைமை ரொட்டிக்காரரிடம் போய்ப் பயிற்சிக்கு உட்கார்ந்தார். ரொட்டிக்காரர் மாவைப் பிசையும்போது இழுத்து முறுக்குகிறார் என்பதைத் தானும் கையால் செய்து பார்த்துத்தான் கண்டுபிடித்தார். அதை இயந்திரத்தில் கொண்டுவந்ததும் ரொட்டி நன்றாக வந்தது. இகுஜிரோ நோனாகா என்ற பேராசிரியர் 1991இல் இதை எழுதி உலகுக்கே தெரியப்படுத்தினார். மாநாட்டு அறையில் உட்கார்ந்து எத்தனை கேள்வி கேட்டிருந்தாலும் அந்த ரொட்டிக்காரர் முறுக்குவதைச் சொல்லியிருக்க மாட்டார். அவருக்கே அது தெரிந்திருக்காது.

செலக்‌ஷன் மேஸ்திரி தோலை விரித்து, உள்ளங்கையால் தடவி, ஓரத்தை மடித்துப் பார்த்து ‘இது மூணாவது’ என்பார். ஏன் என்று கேட்டால் ‘கை சொல்லுது’ என்பார். உங்கள் திரையில் தரத்துக்கு ஒரு டிராப்-டவுன், அதில் நான்கைந்து எழுத்து. ஒரு வாரமாவது அவர் பக்கத்தில் நின்று பாருங்கள். ஒரே தோலை ஒரு வாங்குபவருக்கு இரண்டாம் தரமாகவும் இன்னொருவருக்கு மூன்றாம் தரமாகவும் அவர் போடுவதைக் காண்பீர்கள். அதில் குழப்பம் எதுவும் இல்லை. செருப்பின் எந்தப் பாகத்துக்கு அந்தத் தோல் போகிறது என்பதை அவர் மனதுக்குள் பார்த்துவிடுகிறார். அப்படியானால் தரம் என்ற கட்டம் தோலோடு மட்டும் சேராது, ஆர்டரோடும் சேர வேண்டும். அங்கே நின்றால்தான் இந்தத் தேவை கையில் கிடைக்கும்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் ஆலைகளில் முதலாளி வீட்டில் உருது, தளத்தில் தமிழ், பையர் மெயிலில் இங்கிலீஷ். ரிக்கொயர்மென்ட் ஆவணம் மட்டும் ஒரே மொழியில் வந்து விடுகிறது. காரணப் பத்தியையாவது தமிழில் எழுதுங்கள், சொன்னவர் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். பத்து ஆண்டுக்குப் பிறகு அதை வாசிக்கப் போகிறவர் ஸ்டோர்ஸிலிருந்து மேலே வந்த ஒரு கிளார்க்காக இருக்கலாம். அந்தத் தாள் ஆலையிடம் இருக்க வேண்டும், உங்கள் கம்பெனியின் சர்வரில் இருக்கக் கூடாது. உங்கள் ஒப்பந்தம் ஒரு நாள் முடியும். ஆலைக்காரர்கள் பாலாற்றங்கரையில்தான் இருக்கப் போகிறார்கள்.

கடைசியாக ஒன்று. ஆம்பூர்ப் பக்கம் காலணியின் மேல்பாகத்தைத் தைக்கும் வேலையில் ஒரு பகுதி வீடுகளுக்குப் போகிறது. இடைத்தரகர் மூட்டையில் கொண்டுபோய்க் கொடுக்கிறார், பெண்கள் வீட்டில் உட்கார்ந்து கையால் தைக்கிறார்கள், ஜோடிக்கு இத்தனை என்று கூலி. வெளிநாட்டு ஆய்வுகளிலும் இது பதிவாகியிருக்கிறது. நாம் நிறுவும் மென்பொருளில் அந்த மூட்டை ‘ஜாப் ஒர்க் வெளியே’, ‘ஜாப் ஒர்க் உள்ளே’ என்று இரண்டு வரிகளில் முடிந்துவிடுகிறது, தரகரின் பெயரோடு. தைத்தவர் யார், என்ன கூலி, எத்தனை நாள் என்ற தேவையை யாரும் உங்களிடம் கேட்டிருக்க மாட்டார்கள், ஏனென்றால் தேவை கேட்கும் கூட்டத்துக்கு அந்தப் பெண்கள் அழைக்கப்படுவதில்லை. சங்கிலி முழுவதையும் காட்டு என்று வாங்குபவர் நாடுகளில் சட்டங்கள் வரத் தொடங்கிவிட்டன. அதற்காக என்றும் சொல்லலாம். எனக்கு அது இரண்டாம் காரணம்தான். அடுத்த ஆலையில் முதல் கூட்டத்துக்குப் போகும்போது, ‘கேட்டவர்’ என்ற பத்தியைத் திறந்து வைத்துக்கொண்டு, வீட்டில் தைக்கிறவர்கள் சார்பில் இங்கே யார் பேசப் போகிறீர்கள் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால், தரகரிடம் வழி கேட்டு அந்தத் தெருவுக்கு நீங்களே போய், அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று எழுதிக்கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
ஆம்பூரிலிருந்து உங்களோடு வேலை செய்த ஒருவன்